கிட்டார் சௌக்கியம்

கிட்டாரின் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது.

சாராள் அதை மெல்ல இடப்பக்கம் சாய்த்தாள். சலசலவென்று ஓடியது. வலப்பக்கம் சாய்த்தாள். ஓடிய கூட்டம் அதே வேகத்தில் திரும்பி வந்தது.

"அப்பா, கொஞ்சம் வாங்களேன்!"

கூப்பிட்டு முடிப்பதற்குள் லாசரஸ் வந்துவிட்டார். ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாமான் சத்தம் போட்டாலும் தன்னைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று நினைப்பார்.

"உள்ள போல்ட்டு கழண்டிருக்கு," என்றார்.

"கிட்டார்ல ஏதுப்பா போல்ட்டு? அது அரிசி."

"அரிசியா?"

"நான்தான் போட்டேன்."

லாசரஸ் மகளைப் பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். மூத்த மகளின் பிரசவத்துக்காக மனைவி திருநெல்வேலி போனதிலிருந்து இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆகிவிட்டிருந்தது.

மழைக்காலத்தில் கிட்டாரின் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், சத்தம் மழுங்கிப்போகும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சாராளுக்கு நிம்மதி இல்லை. நனைந்த செல்போனை அரிசிக்குள் புதைத்துப் பிழைக்க வைத்தவர்கள் அவளுடைய பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் இருந்தார்கள். அதனால் அரிசியை வறுத்து, பழைய துப்பட்டாத் துணியில் சின்னதாக ஒரு பை தைத்து, அதில் போட்டுக் கட்டி, கிட்டாரின் நடு ஓட்டைக்குள் நூலில் தொங்கவிட்டிருந்தாள். இப்போது நூல் அறுந்து, பை அவிழ்ந்து, அரிசி மொத்தமும் உள்ளே வீடு கட்டிக் குடியேறியிருந்தது.

"இருக்கட்டும் விடும்மா. அப்புறமா பார்த்துக்கலாம்."

"அப்புறம் ஏதுப்பா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளன்னைக்கு எபி சார் வர்றார்."

கிட்டார் எபி சாருடையது. சேலையூரில் கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளியில் சாராள் கணக்கு டீச்சர். அவன் அங்கே கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தான். அவள் அவனை 'எபி சார்' என்பாள். அவன் அவளை 'சாராள் மிஸ்' என்பான். பக்கத்துப் பக்கத்து மேஜை. நாலைந்து வருஷம் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் கூட்டையும் பொரியலையும் மாற்றிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒன்றையும் மாற்றிக்கொள்ளவில்லை.

அப்புறம் அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. விமானம் ஏற வேண்டிய அன்று காலையில், கறுப்புப் பையில் இந்தக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"மிஸ், ஒரு உதவி. இத நீங்கதான் பார்த்துக்கணும்."

"நானா? எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதே சார்."

"அங்க எந்நேரமும் ஏசி மிஸ். மரம் காஞ்சு விரிசல் விட்டுடும்."

"உங்க வீட்ல வெச்சா?"

"படப்பை வீடு ஷீட் போட்ட வீடு. சூடு தாங்காது. அதுவுமில்லாம எங்கம்மா இதுமேல துணி காயப் போட்டுடுவாங்க."

சாராளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"போறதுக்கு முன்னாடி ஏதாவது கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்."

எபி கிட்டாரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினான். "நகம் பேந்துடுச்சு மிஸ். திரும்பி வந்ததும் மொத பாட்டு உங்களுக்குத்தான்."

ஆட்டோ தெருமுனையில் திரும்பி மறைந்தது. அந்த முதல் பாட்டுக்காகச் சாராள் காத்திருக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் மஸ்கட்டிலிருந்து வீடியோ கால் வந்துவிடும்.

"மிஸ், கிட்டார் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். துடைச்சு வெச்சேன். கம்பியெல்லாம் கொஞ்சம் தளர்த்தி விட்டிருக்கேன்."

"ஜன்னல் பக்கம் வைக்கலையே?"

"சேச்சே! பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல, சுவத்துல படாம."

"கொஞ்சம் காட்டுங்களேன்."

காட்டுவாள். "கேமராவ இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க மிஸ்," என்பான். கிட்டாரின் தலையைக் காட்டுவாள். "இன்னும் மேல..." என்பான். சுவரைக் காட்டுவாள். "இல்ல, கொஞ்சம் இந்தப் பக்கமா..." பீரோவைக் காட்டுவாள். அந்த முனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். "ரொம்ப நல்லா இருக்கு மிஸ்," என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

அவன் வைத்த பிறகு சாராள் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். சொல்லாமல் விட்டதெல்லாம் அப்போதுதான் வரிசையாக நாக்கில் வந்து நிற்கும். அவனுடைய மேஜையில் இப்போது பி.டி. சார் உட்கார்ந்து விசிலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். கோவைக்காய்ப் பொரியல் செய்கிற அன்றெல்லாம் மூடியில் ஒரு பங்கு தானாகவே ஒதுங்கிவிடுகிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் விசாரித்தது கிட்டாரைத்தான். மனுஷர் கேட்காததற்கெல்லாம் எப்படிப் பதில் சொல்வது?

ஆகவே கிட்டாரை அவள் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். மெத்தென்ற துணியால் துடைத்தாள். அதன் பக்கத்தில் கொசுவர்த்திகூட ஏற்றவில்லை. இத்தனை நாளில் அதில் ஒரு கீறல் கிடையாது. கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகள் கடையில் இருப்பதுபோல் மின்னின. வாசிப்பது மட்டும் கிடையாது. அது அவனுடைய உரிமை. ஒரே ஒரு தடவை, தடித்த கம்பியைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் எழுந்து, மரத்தின் வழியாக அவள் நெஞ்சுக்குள் போய் அடங்கியது. அவசரமாகக் கிட்டாரைப் பையில் போட்டு மூடிவிட்டாள். அதன் பிறகு ஒரு வாரம் பின்னங்கணக்கில் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள்.

இப்போது அவனிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'ஊருக்கு வந்துட்டேன் மிஸ். சனிக்கிழமை அம்மாவ தாம்பரத்துல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வர்றேன். அப்படியே உங்க வீட்டுக்கும் வர்றோம். கிட்டார் விஷயமா பேசணும்.'

பேச என்ன இருக்கிறது? எடுத்துக்கொண்டு போகப் போகிறான். கிட்டார் போய்விட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வேலை? சரி, போகட்டும். போவதற்கு முன்னால் அந்த முதல் பாட்டை வாசிப்பான் அல்லவா, அப்போதாவது அது பிரமாதமாகப் பேச வேண்டும். அவள் பேசாததையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அதனுள்ளே அரிசி உருண்டால் எப்படிப் பேசும்?

"இவ்வளவுதானே? கவுத்துப் பிடிச்சு உலுக்கினா கொட்டிடும்," என்றார் லாசரஸ்.

கவிழ்த்துப் பிடித்தார்கள். உலுக்கினார்கள். கல்யாண வீட்டு வாசலில் தூவுவதைப்போல அரிசி இருவர் தலையிலும் கொட்டியது. பாதி வந்தது. மீதி, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்த சட்டங்களுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. லாசரஸ் இன்னும் ஓங்கி உலுக்கினார். கிட்டாரின் தலை குளிர்சாதனப் பெட்டியில் 'ணங்' என்று மோதி, கம்பியை முறுக்கும் சாவி ஒன்று வளைந்தது.

"அப்பா!"

"கையை விட்டுத்தான் எடுக்கணும். கம்பிங்கள கழட்டு."

கழற்றினாள். லாசரஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓட்டைக்குள் கையை நுழைத்தார். உள்ளே போன கை அங்கிருந்த அரிசியையெல்லாம் வழித்து வாரியது. "புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன்!" என்றார். கையை வெளியே இழுத்தார். வரவில்லை. திருப்பி இழுத்தார். கிட்டாரும் கூட வந்தது.

"அரிசிய விடுங்கப்பா. மூடின கை எப்படி வெளிய வரும்?"

விட்டார். அப்போதும் வரவில்லை. கை பயத்தில் வீங்கிவிட்டது என்றார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எபி. வீடியோ கால். சாராள் முகம் வெளிறி, கேமராவை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எடுத்தாள்.

"மிஸ், சும்மாதான் கூப்பிட்டேன். ஏன் இருட்டா இருக்கு?"

"இங்க நெட்வொர்க் சரியில்ல சார்."

"கிட்டார் எப்படி இருக்கு?"

"அப்பா கையில இருக்கு சார்."

"அங்கிள் வாசிப்பாரா?"

"இல்ல சார்... பிடிச்சார்னா விடமாட்டேங்கிறார்."

"அப்படியா? அங்கிளுக்கும் பிடிச்சிருந்தா நல்லதுதான் மிஸ்." சட்டென்று குரலை மாற்றினான். "கிட்டார சொன்னேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

லாசரஸ் இடது கையால் தேங்காய் எண்ணெய் டப்பாவைச் சுட்டிக்காட்டினார். பணிமனையில் எது சிக்கிக்கொண்டாலும் எண்ணெய்தான் மருந்து. சாராள் ஊற்றினாள். 'பொளக்' என்று கை வெளியே வந்தது. எண்ணெயும் வந்தது. ஓட்டையைச் சுற்றி வெளிர் மஞ்சள் மரத்தில் கருத்த வட்டமாகப் படர்ந்து நின்றது.

"பவுடர் போடு. எண்ணெய இழுத்துக்கும்."

பவுடர் எண்ணெயை இழுக்கவில்லை. எண்ணெய்தான் பவுடரை இழுத்துக்கொண்டது. கிட்டார், குளிப்பாட்டித் தொட்டிலில் போட்ட பிள்ளையைப்போல கமகமத்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சாராள் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கமிருந்த ஒரு கிட்டார் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் பெயர் தினகரன். பையைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார். கிட்டாரைத் தூக்கியதும் மேஜைமேல் நாலு அரிசி உதிர்ந்தது.

"இன்னா மேடம் இது? தேங்கா எண்ணெ வாசன வருது, அரிசி கொட்டுது. கிட்டாரா, புட்டுக் குழலா?"

"அண்ணா, நாளைக்குக் காலைல வேணும். சத்தம் நல்லா வரணும். ரொம்ப நல்லா வரணும்."

"யார் வாசிக்கிறது? நீங்களா?"

"இல்ல. ஒருத்தர்."

தினகரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சில்லாமல் வேலையில் இறங்கினார். எண்ணெயைத் துடைத்தெடுத்தார். வளைந்த சாவியை மாற்றினார். புதுக் கம்பிகளைக் கட்டி, ஒவ்வொன்றையும் கையால் மெல்ல இழுத்துவிட்டு, மறுபடி முறுக்கிச் சுருதி சேர்த்தார். "புதுக் கம்பி இழுக்க இழுக்கத்தான் நிக்கும். இப்டி இழுத்து விடலன்னா அப்பறம் எறங்கிகினே இருக்கும்," என்றார். கடைசியில் ஆறு கம்பிகளையும் சேர்த்து ஒரு தரம் தடவிவிட்டார்.

கடைக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தக்காளிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். அத்தனைக்கும் நடுவில் அந்த ஒலி பரவி, கண்ணாடி அலமாரியில் மோதி, அவள் மேல் வந்து படிந்தது. தன் வீட்டில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இத்தனை நாள் இதுவா வாயை மூடிக்கொண்டு இருந்தது? சாராள் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"எண்ணெ காட்டாதீங்க, வெயில் காட்டாதீங்க. அவ்ளோதான்," என்றார் தினகரன். அவள் காதில் அந்த ஒலிதான் இன்னும் இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது லாசரஸ் கிட்டாரைப் பார்த்தார். எங்கேயோ ஒரு மூலையில் மிச்சமிருந்த அரிசிக்கும், மரத்தில் ஊறிய எண்ணெய்க்கும் எறும்புகள் சாரைசாரையாக ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தன. மகள் எண்ணெய் வைக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தாள். அவரும் வைக்கவில்லை. கிட்டாரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் நல்ல வெயிலாகப் பார்த்துப் படுக்க வைத்தார்.

சாராள் தலைதுவட்டி, நீலச் சேலை கட்டி, பூ வைத்து, கிட்டாரைத் தேடி, அப்பாவைத் தேடி, மாடிக்கு ஓடியபோது வெயில் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. உள்ளே பசை இளகி, கம்பிகளைத் தாங்கும் கட்டை ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. மேல் பலகை உப்பி, கிட்டாருக்குத் தொப்பை விழுந்திருந்தது. கம்பிகள் துணிக்கொடிபோல அந்தரத்தில் தொங்கின.

"ஒரு எறும்புகூட இல்ல, பாரு," என்றார் லாசரஸ்.

ஒரு கம்பியைத் தொட்டாள். அலுமினியச் சட்டியில் கரண்டி விழுந்ததுபோல் ஒரு சத்தம். அப்படியே தொட்டிப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். வேறு கிட்டார் வாங்கி வைக்கலாமா, கதவைப் பூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கே போய்விடலாமா என்றெல்லாம் யோசித்தாள். எதற்கும் நேரமில்லை. கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. இறங்கி ஓடினாள்.

எபி கொஞ்சம் இளைத்திருந்தான். காதோரம் ஒன்றிரண்டு நரை. கூட வந்த அவனுடைய அம்மா கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மகனின் தோளைப் பிடித்தபடி வாசல்படி ஏறினார்.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளங்கையளவு திரையில் பார்த்த முகம் இப்போது முழுசாக எதிரில் நின்றது. சாராள் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் மறந்துபோனது.

"வாங்க சார். எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்." அவன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். "கிட்டார் எப்படி இருக்கு மிஸ்?"

லாசரஸ் கிட்டாரைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். எபி அந்தத் தொப்பையைத் தடவினான். வாய் பிளந்த கட்டையைப் பார்த்தான். துணிக்கொடிகளைப் பார்த்தான்.

"அப்படியே இருக்கு மிஸ்," என்றான். "நான் குடுத்த மாதிரியே வெச்சிருக்கீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இவ்வளவு பெரிய மனசா இந்த மனுஷருக்கு? அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

"டீ போட்டுட்டு வந்துடறேன்," என்று சமையலறைக்குள் ஓடினாள். எபியின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ஹாலில் லாசரஸின் குரல் கேட்டது. "வாசிங்க தம்பி! எம்பொண்ணு அந்தப் பாட்டக் கேக்கணும்னுதான் இத்தன நாளா காத்துக்கினு இருக்கா."

"இல்ல அங்கிள்... அது வந்து... இப்பவா?"

"இப்பதான்!"

நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு அது கேட்டது. ஆறு கம்பிகளும் ஆறு பக்கமாக அலறி ஓடின. நடுவில் ஏதோ அறுந்தது. மிச்சமிருந்த ஐந்தும் இன்னும் மோசமாக அலறின.

சாராள் கையிலிருந்த டீ வடிகட்டியை அப்படியே வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னம்மா, என்னாச்சு? கை சுட்டுடுச்சா?"

"ஆன்ட்டி, நான் கெடுத்துட்டேன். அரிசியப் போட்டு, எண்ணெய ஊத்தி, வெயில்ல வெச்சு... எவ்வளவு நம்பிக் குடுத்துட்டுப் போனார்! அவர் உசிரா வெச்சிருந்த கிட்டார். எப்படி வாசிக்கிற மனுஷர், இப்ப என்னால அவருக்கே வாசிப்பு வராம போயிடுச்சு."

எபியின் அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மருந்தில் கலங்கிய கண்களைச் சுருக்கி, அவள் முகத்தைக் கிட்டத்தில் வைத்து ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

"அந்த சாராள் மிஸ்ஸு நீதானா? அவனுக்குக் கிட்டாரு வாசிக்கவே தெரியாதேம்மா! ஊருக்குப் போறதுக்கு மொத நாளு, அடிக்கடி போன் பண்ணி விசாரிக்கிற மாதிரி ஏதாவது ஒண்ண உங்கிட்ட குடுத்துட்டுப் போகணும்னு மீன் தொட்டி வாங்கத்தான் போனான். மீனு செத்துட்டா அப்பறம் எத சாக்கு வெச்சுப் பேசறதுன்னு பயந்துகினு, கடைசி நிமிஷத்துல இத வாங்கிட்டு வந்தான்."